நான்காவது வால்வு

அப்பா ஆவணியில் போனார். அந்த மார்கழியில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, பின் பாத்ரூமில் மழை கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. எழுந்து போய் விளக்கைப் போட்டேன். கழிப்பறையில் கழுவ வைத்திருக்கும் ஹெல்த் ஃபாசெட்டின் டியூப் நடுவில் கிழிந்து, தண்ணீர் எதிர்ச் சுவர் வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது.

சுவரில் இருந்த ஆங்கிள் வால்வை மூடப் போனேன். பல வருஷமாக யாரும் தொடாத வால்வு அது. உப்பு படிந்து இறுகிப் போயிருந்தது. பலம் கொடுத்துத் திருகியதும் கைப்பிடி மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். தொட்டிக்குக் கீழே வரிசையாக ஐந்து கேட் வால்வுகள். இதில் எது பின் பாத்ரூமுக்குப் போகிறது? எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் அதெல்லாம் முப்பது வருஷத்துக்கு மேலாக அப்பாவின் வேலை. ஐந்தையும் மூடினேன். அதில் இரண்டு முழுவதும் மூடவில்லை. கீழே வந்து பார்த்தால் தண்ணீரின் வேகம் குறைந்திருந்ததே தவிர நிற்கவில்லை. கிழிந்த இடத்தில் துண்டைச் சுற்றி, ஒரு வாளியை மாற்றி இன்னொரு வாளி வைத்து, தொட்டி காலியாகும் வரை உட்கார்ந்திருந்தேன். விடிந்துவிட்டது. அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, "அப்பா இருந்தா ஒரு நிமிஷத்துல நிறுத்தியிருப்பார்டி" என்றாள். அது உண்மைதான்.

காலையில் பிளம்பர் அண்ணன் வந்தார். அப்பாவோடு இருபது வருஷப் பழக்கம் அவருக்கு. புது டியூப், புது ஆங்கிள் வால்வு, கால் மணி நேர வேலை. கிளம்பும்போது மாடிப்படியில் நின்று சொன்னார். "ஐயா எல்லாத்தையும் மனசுலயே வெச்சிருந்தாரும்மா. நீங்க ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிக்கோங்க. எந்த வால்வு எங்க போகுதுன்னு தெரிஞ்சாப் போதும். மத்ததெல்லாம் நான் வர்ற வரைக்கும் தாங்கும்."

அந்தப் பேப்பரை எழுதி இரண்டு வருஷம் ஆகிறது. அதை எழுதப் போய்த்தான் எங்கள் வீட்டுக் குழாய்களை நான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பேப்பர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில் இருக்கிறது. 1988இல் கட்டியது, தரைத்தளம் மட்டும். சென்னைப் புறநகரில் அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான்: தெருக்குழாயில் வரும் தண்ணீர் சம்ப்பில், அதாவது தரைக்கடியில் இருக்கும் தொட்டியில், விழும். போர்வெல் தண்ணீரும் அங்கேதான் வரும். கோடையில் லாரி வாங்கினால் அதுவும் அங்கேதான். சம்ப்பிலிருந்து மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும். தொட்டியிலிருந்து கீழே இறங்குவதற்கு எந்த மிஷினும் கிடையாது. தண்ணீரின் எடைதான் அதைக் குழாய்க்குத் தள்ளுகிறது.

இந்தக் கடைசி வரி முக்கியம். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். எங்கள் தொட்டியின் தண்ணீர் மட்டம் சமையலறைக் குழாயிலிருந்து நாலு மீட்டர் மேலே இருக்கிறது. ஆக, 0.4 பார். ஷவர் இன்னும் உயரத்தில் இருப்பதால் அதற்குக் கிடைப்பது 0.3க்கும் குறைவு. என் தம்பி ஆசைப்பட்டு அகலமான மழை ஷவர் ஒன்றை வாங்கி மாட்டினான். நூல் நூலாக வடிந்தது. ஷவரில் குறை இல்லை. அதற்கு வேண்டிய அழுத்தம் எங்கள் மாடியில் இல்லை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து நம் வீட்டுக் குழாயைச் சரிசெய்யப் பார்த்தால் இதே சிக்கல்தான். அங்கே பல ஊர்களில் தெருக்குழாயிலிருந்து 3, 4 பார் அழுத்தத்தில் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வருகிறது. அவர்களுடைய கவலை வேகமான தண்ணீர். நம்முடைய கவலை உப்பும் காற்றும்.

மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. சத்தம் போட்டுக்கொண்டே தண்ணீர் ஏற்றாமல் இருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும், சம்ப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அது கசிந்தால் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் இறங்கிவிடும், மோட்டார் வெறும் காற்றை இழுக்கும். தண்ணீர் ஊற்றி நிரப்பினால் அன்றைக்கு ஓடும், மறுநாள் மறுபடி நிற்கும். ஃபுட் வால்வை மாற்றுவதுதான் தீர்வு. மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பத்து மீட்டருக்குக் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்சி இழுக்க முடியாது, நடைமுறையில் ஏழு மீட்டரே சிரமம். எங்கள் ஊர்ப் பக்கம் வயல் கிணறுகளில் பாதி ஆழத்தில் மேடை கட்டி அதன்மேல் மோட்டாரை வைத்திருப்பார்கள். அது ஏன் என்று சின்ன வயதில் புரியவில்லை. காற்றழுத்தத்தால் தண்ணீரைத் தள்ள முடிகிற உயரம் அவ்வளவுதான் என்பது சம்ப்பு மோட்டாரைப் பார்க்கும்போதுதான் விளங்கியது.

சரி, பேப்பருக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் நின்றேன். மகள் கீழே எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வால்வாக மூடுவேன். "அம்மா, கிச்சன் நின்னுடுச்சு" என்பாள். எழுதிக்கொள்வேன். திறந்துவிட்டு அடுத்தது. முதலாவது சமையலறை. இரண்டாவது முன் பாத்ரூமும் வாஷ் பேசினும். மூன்றாவது பின் பாத்ரூம். ஐந்தாவது வாசல் குழாயும் வாஷிங் மெஷினும். நான்காவதை மூடினால் கீழே எதுவுமே நிற்கவில்லை. மூன்று முறை மூடித் திறந்து பார்த்தோம். அம்மாவைக் கேட்டேன், "எனக்கென்னடி தெரியும்" என்றாள். பிளம்பர் அண்ணனுக்கும் தெரியவில்லை, அவர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பிப்பதற்கு முன்னால் போட்ட வரிசை அது. "4 - தெரியவில்லை" என்று எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். வால்வுகளிலும் பெயின்ட்டால் எண் எழுதினேன்.

அன்று ராத்திரி இரண்டு வால்வுகள் ஏன் மூடவில்லை என்றும் அப்போதுதான் கேட்டேன். கேட் வால்வின் உள்ளே பித்தளையில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு இருக்கிறது. கைப்பிடியைத் திருகத் திருக அது கீழே இறங்கி வழியை அடைக்கும். வருஷக்கணக்கில் திறந்தே கிடந்தால், அது வந்து உட்கார வேண்டிய பள்ளத்தில் சுண்ணாம்பு படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு திருகினாலும் ஒரு விரல்கடை இடைவெளி நிற்கும். பலம் போட்டால் தண்டு முறியும். அதனால் இப்போது மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து வால்வுகளையும் மூடித் திறக்கிறேன். முழுவதும் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி விடுகிறேன், அப்போதுதான் திறந்த நிலையிலேயே இறுகிவிடாது. கைப்பிடிக்கு அடியில் ஈரம் தெரிந்தால் அங்கே இருக்கும் நட்டை ஸ்பேனரால் ஒரு சின்னத் திருகு திருகினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மூடாத அந்த இரண்டையும் மாற்றிவிட்டோம். புதிதாகப் போட்டவை உள்ளே உருண்டை இருக்கும் பால் (ball) வால்வுகள். நீளமான பிடி, கால் சுற்றில் மூடும். பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். புது வீடு கட்டுகிறவர்கள் யாராவது கேட்டால் இதைத்தான் போடச் சொல்வேன். விலையில் பெரிய வித்தியாசம் இருந்தாலும்கூட.

சொட்டும் குழாய்.

இதை நாம் பழகிவிடுகிறோம். அதுதான் கஷ்டம். ஏறக்குறைய இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, நாலு லிட்டருக்கு மேல். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்களே, அப்போது எங்கள் தெருவில் லாரிக்குப் பத்து நாள் காத்திருந்தோம். அப்பா சொட்டுகிற வாசல் குழாய்க்குக் கீழே ஒரு சொம்பை வைத்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு தடவை நிரம்பியது. மறுநாளே வாஷர் வாங்கி வந்து மாற்றினார். நாலு லிட்டர் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையலுக்கு எடுத்து வைத்த தண்ணீர்.

பழைய பித்தளைக் குழாய் என்றால் உள்ளே இருப்பது ரப்பர் வாஷர். மேலே தண்ணீரை மூடிவிட்டு, தலைப்பகுதியைக் கழற்றி, தேய்ந்த வாஷரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். அது உட்காரும் விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால் புது வாஷரும் ஒரு மாதம்தான் தாங்கும். அப்போது குழாயையே மாற்றிவிடலாம். இப்போது வருகிற, கால் சுற்றில் திறக்கும் குழாய்களில் ரப்பர் வாஷருக்குப் பதிலாக கார்ட்ரிட்ஜ் இருக்கிறது, அதனுள் இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் கோடு விழுந்து கசியத் தொடங்கும். கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நீளமும் மேலே இருக்கும் பற்களும் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. நான் ஒரு முறை போட்டோவைக் காட்டி வாங்கி வந்து, அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்தாமல் திரும்பப் போனேன்.

இரண்டு வகைக்குமே பொதுவான கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. சொட்டுகிறதே என்று இறுக்கி இறுக்கி மூடுவது. வாஷர் நசுங்கும், தண்டு தேயும், சொட்டு அதிகமாகும். எங்கள் வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரிய வைக்க ஒரு வருஷம் ஆனது.

எங்கள் போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது 200க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம். குழாய் வாயில் இருக்கும் சின்ன வலையில், ஷவர் துளைகளில், கீசரின் ராடில் வெள்ளையாகப் படிவது இந்த உப்புதான், பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று ஆளைக் கூப்பிடும் முன் அந்த வலையைக் கழற்றி, ஒரு கிண்ணம் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ராத்திரி முழுக்க ஊற வைத்துப் பாருங்கள். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். புளிப்பு எதையும் பிளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமுக்குள் அது உயிருக்கே ஆபத்து.

குழாயை மறுபடி மாட்டும்போது சுற்றுகிற வெள்ளை டேப் டெஃப்லான். அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் 1938இல் வேறு ஏதோ ஆராய்ச்சியில் இருக்கும்போது தற்செயலாகக் கிடைத்த பொருள். அதற்கு முன்னால் சணல் நூலைச் சுற்றி மேலே பெயின்ட் தடவுவார்கள், எங்கள் வீட்டுப் பழைய இணைப்புகளைக் கழற்றினால் இன்றும் அந்த நூல் வருகிறது. டேப்பைக் குழாய் திருகுகிற திசையிலேயே இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் உள்ளே போகப் போகப் பிரிந்து வெளியே வந்துவிடும். இறுக்கியபின் குழாய் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே என்று பின்னால் திருப்பவும் கூடாது. திருப்பினால் கசியும். கழற்றி, புதிதாகச் சுற்றி, மறுபடி மாட்டத்தான் வேண்டும்.

தொட்டி கழுவிய மறுநாள் சமையலறையில் தண்ணீர் வராது. மற்ற எல்லா இடத்திலும் வரும், அங்கே மட்டும் வராது. இது காற்று அடைப்பு. தொட்டி காலியாகும்போது குழாய்க்குள் காற்று புகுந்துவிடுகிறது. குழாய் எங்காவது மேலே ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொள்ளும். 0.4 பார் அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது. அப்பா, குழாயில் வாயை வைத்து ஊதுவார். நான், பக்கத்தில் தண்ணீர் வருகிற குழாயிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து வராத குழாயில் மாட்டி, இரண்டையும் திறந்து வைப்பேன். ஐந்து நிமிஷத்தில் காற்று மேலே போய் தொட்டி வழியாக வெளியேறிவிடும். இரண்டு தடவை அப்படிச் செய்தபிறகு பிளம்பர் அண்ணன் நிரந்தரமாகச் சரிசெய்து கொடுத்தார். வால்வுக்கு அடுத்து T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை நேராக மேலே நிறுத்தி, முனையைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டார். மொட்டை மாடிகளில் தொட்டிக்குப் பக்கத்தில் கைத்தடி மாதிரி நிற்குமே, அதுதான். காற்று போகிற வழி. அது தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நிரம்பும்போதெல்லாம் அந்த வழியாகத் தண்ணீர் கொட்டும்.

சிங்க் அடைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதிகமாக வந்த தொல்லை அதுதான்.

சிங்க்குக்கு அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்கும். நீட்டலாம், வளைக்கலாம், அதனால் எல்லோரும் அதைத்தான் மாட்டுகிறார்கள். அந்த மடிப்புகளில்தான் எண்ணெய் தங்குகிறது. வடை சுட்ட எண்ணெய்ச் சட்டியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினால் எண்ணெய் போய்விட்டது என்று நினைக்கிறோம். சிங்க்கை விட்டுப் போனது, அவ்வளவுதான். மூன்றடி தள்ளிப் போய் ஆறி, மடிப்பில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் இட்லி மாவுப் பாத்திரம் கழுவின தண்ணீர், வடித்த கஞ்சி, காபித் தூள். நம் கடின நீரில் இருக்கும் கால்சியம் அந்தக் கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி இறுகிவிடுகிறது. கையில் எடுத்தால் ஈர மெழுகு மாதிரி இருக்கும். 2017இல் லண்டன் வைட்சேப்பலில் சாக்கடைக்குள் இதே வகை அடைப்பு 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் இருந்தது. அங்கேயும் அது ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதுதான்.

அடைத்துக்கொண்டால் நான் செய்வது இது. கீழே வாளியை வைக்கிறேன். சிங்க்கோடு சேரும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே தளர்த்துகிறேன், ஸ்பேனர் போட்டால் உடையும். குழாயைக் கழற்றி வெளியே கொண்டு போய் சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு, பாட்டில் பிரஷ்ஷால் கழுவுகிறேன். வாஷர் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுகிறேன். பிறகு சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, நட்டுக்குக் கீழே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடிக்கிறேன். ஒரு சொட்டு கசிந்தாலும் பேப்பர் காட்டிக் கொடுத்துவிடும். அப்படியும் தண்ணீர் நின்றால் அடைப்பு சுவருக்கு அப்பால் இருக்கிறது, வெளியே கழிவுநீர் சேரும் குழியான சேம்பரைத் திறக்க வேண்டும், அது ஆளைக் கூப்பிடும் நேரம்.

ஆசிட் மட்டும் ஊற்ற வேண்டாம். மொசைக் தரையை அது தின்றுவிடும், கொழுப்பைக் கரைக்கவும் செய்யாது. கடையில் கிடைக்கும் அடைப்புப் பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. அது வேலை செய்யும், ஆனால் செய்யாமல் போனால் அந்தக் காரத் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நிற்கும். அப்புறம் வருகிறவர் அது தெரியாமல் கையை விடுவார். எங்கள் பிளம்பர் அண்ணனின் இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே தோல் வெந்த தழும்பு இருக்கிறது. வேறு ஒரு வீட்டில் நடந்தது. பவுடர் போட்டதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எதையாவது ஊற்றியிருந்தால் வந்தவரிடம் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

புழங்காத பாத்ரூமில் நாற்றம் வந்தால் பினாயிலைத் தேடாதீர்கள். தரை ஓட்டைக்குக் கீழே இருக்கும் நானி டிராப்பில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அதன் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவு. கழிப்பறைக்கு இந்த வளைவை வைத்து 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் காப்புரிமை வாங்கினார், அதற்குப் பிறகுதான் கழிப்பறை நாற்றமில்லாமல் வீட்டுக்குள் வர முடிந்தது. கோடையில் இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போனால் அது வற்றிவிடும். கரப்பான் பூச்சியும் அந்த வழியாகத்தான் வரும். 2003இல் ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் என்ற நுரையீரல் நோய் பரவியபோது, வற்றிப்போன தரை டிராப்புகள் அதற்கு ஒரு காரணம் என்று கண்டறிந்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு டிராப்பிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, மாடி வால்வுகளை மூடிவிட்டுக் கிளம்புவது இப்போது எங்கள் வழக்கம். வெஸ்டர்ன் டாய்லெட்டின் தொட்டி சத்தமில்லாமல் கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் நீல இங்க் விட்டு, அரை மணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீலை மாற்ற வேண்டும்.

கீசரை நான் தொடுவதில்லை. தண்ணீரும் கரண்ட்டும் சேர்ந்த இடம் அது. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரியை மட்டும்தான் கூப்பிடுவேன். "நானே இறங்கி எடுத்துடறேன்" என்று யார் வந்தாலும், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், ஆளை இறக்கக் கூடாது. பாதுகாப்பில்லாமல் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த வாயுவில் ஒரு மனிதர் மயங்கி விழ சில நொடிகள் போதும், காப்பாற்ற இறங்குகிற அடுத்தவரும் விழுவார். தமிழ்நாட்டில் இன்னும் இப்படிச் செய்தி வந்துகொண்டிருக்கிறது. படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. தொட்டியில் போய்ச் சேர்வது நம் வீட்டுக் கழிவு.

கூலி விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. பத்து நிமிஷ வேலைக்கு ஐந்நூறு ரூபாயா என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் எந்த நட்டு எந்தப் பக்கம் உடையும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. நான் பேரம் பேசுவதில்லை.

இனி அந்த நான்காவது வால்வு.

பின்கட்டை ஒட்டிய அறையின் சுவரில் ஓதம். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயின்ட் பூத்து, உப்பு வெள்ளையாகக் கிளம்பி, கையை வைத்தால் குளிரும். அப்பா இருக்கும்போதே ஆரம்பித்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்து மொட்டை மாடிக்கு வாட்டர் புரூஃபிங் போட்டார். வெளிச்சுவரைப் பூசினார். அவர் போன பிறகு நானும் ஒரு முறை சுரண்டிப் பெயின்ட் அடித்தேன். ஆறு மாதத்தில் மறுபடி அதே இடம், அதே வடிவம்.

போன வைகாசியில், மழையே இல்லாத மாதத்தில், அந்தச் சுவர் ஈரமாக இருந்தது. பிளம்பர் அண்ணனிடம் சொன்னேன். "மழையில்லாம நனையுதுன்னா குழாய்தாம்மா" என்றார். "ஆனா அந்தச் சுவத்துல குழாயே இல்லியேண்ணா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி தொட்டியை நிரப்பி, ஐந்து வால்வுகளையும் மூடி, தண்ணீர் மட்டத்தில் உள்பக்கம் ஒரு கோடு போடச் சொன்னார். காலையில் பார்த்தால் மட்டம் கோட்டிலேயே இருந்தது. அடுத்த ராத்திரி முதல் வால்வை மட்டும் திறந்து வைத்தோம், கீழே குழாய்கள் எல்லாம் மூடியபடி. மாறவில்லை. இரண்டாவது, மாறவில்லை. மூன்றாவது, மாறவில்லை. நான்காவதைத் திறந்து வைத்த ராத்திரிக்கு மறுநாள் காலை, தண்ணீர் கோட்டுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. எங்களுடையது ஆயிரம் லிட்டர் தொட்டி, அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது பத்து லிட்டருக்குப் பக்கம்.

எந்தக் குழாயிலும் வராத தண்ணீர் ராத்திரியில் இருபது லிட்டர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். "இந்த ரூமுக்கு வெளிய முன்னாடி எதுனா கட்டடம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "மாமியாருக்குப் போட்ட கக்கூஸ் இருந்துது" என்றாள். பாட்டி வீட்டுக்குள் இருக்கும் கழிப்பறைக்குப் போகமாட்டாள். அவளுக்காக அப்பா பின்கட்டில் தகரக் கதவோடு ஒன்று கட்டினார். அவள் போய் ஒரு வருஷத்துக்கெல்லாம் அதை இடித்துவிட்டு முருங்கை வைத்தார்கள். எனக்கு அந்தத் தகரக் கதவின் சத்தம் ஞாபகம் வந்தது. அதற்கும் தண்ணீர் மாடியிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

சுவரை ஓரிடத்தில் மட்டும் உடைத்தார். உள்ளே அரை இஞ்ச் இரும்புக் குழாய், முனையில் மூடி. கழிப்பறையை இடித்தபோது முனையை அடைத்து, மேலே பூசிவிட்டார்கள். மாடியில் வால்வு திறந்தே இருந்தது. மூடிக்குள் இருபது வருஷத்துக்கு மேலாகத் தண்ணீர் நின்று, துரு ஏறி, மூடியின் திருகு வழியாகக் கசிந்திருக்கிறது. கையால் தொட்டதும் மூடி உதிர்ந்தது. இரண்டு வருஷமாக மாதா மாதம் நான் அந்த வால்வை மூடித் திறந்து கொண்டிருந்தேன். மூடிய நிலையில் விட்டிருந்தாலே சுவர் காய்ந்திருக்கும்.

மாடியிலேயே அந்த வரிசையை அறுத்து, வால்வைக் கழற்றி, தொட்டியின் வாயில் புது எண்ட் கேப் போட்டுவிட்டார். ஏழு வாரத்தில் சுவர் காய்ந்தது. ஆடி முடிந்ததும் பூசி, பெயின்ட் அடித்தோம். கழற்றிய பித்தளை வால்வை, எடைக்குப் போடட்டுமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அலமாரிக் கதவில் இருந்த பேப்பரில் "தெரியவில்லை" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: "4 - பாட்டியின் பின்கட்டு. எடுத்தாயிற்று."